பார்வையும் குறியும்

புதிய ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தியவர் யாரும் அதை நம்பி நேராக ஆயிரம் மீட்டர் இலக்குக்குப் போவதில்லை. முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கென்று முறைகள் இருக்கின்றன. நூறு மீட்டர் தொலைவில் ஆளுயரத் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு, தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டின் அடியில் ஒரு புள்ளி. குண்டு அந்தப் புள்ளியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்ட பிறகு, மேல் குமிழை 10 மில் அளவுக்குத் திருகிவிட்டு, மறுபடி அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். ஒரு மில் என்பது நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர். ஆகவே குண்டு சரியாக ஒரு மீட்டர் மேலே, கோட்டைவிட்டு விலகாமல் துளைத்திருக்க வேண்டும். 98 சென்டிமீட்டரில் துளைத்திருந்தால் ஸ்கோப்பின் கணக்கில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை. நூறு மீட்டரில் அது ஒரு விரல்கடை அளவுதான். ஆயிரம் மீட்டரில் அதுவே 20 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

அடுத்தது சதுரச் சோதனை. மேலே இத்தனை கிளிக், வலப்புறம் இத்தனை, பிறகு கீழே, பிறகு இடப்புறம் என்று குமிழ்களைத் திருகி நான்கு மூலைகளிலும் சுட்டுவிட்டு, கடைசிக் குண்டு தொடங்கிய துளைக்கே வந்து சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் பாரலாக்ஸ். துப்பாக்கியை அசைக்காமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் ஸ்கோப்பின் பின்னால் மேலும் கீழும் நகர்த்தும்போது குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்வதுபோலத் தெரியக் கூடாது. ஊர்ந்தால் பக்கவாட்டுக் குமிழைத் திருகி அதை நிறுத்த வேண்டும். பார்ப்பவரின் கண் இடம் மாறுவதால் குறியும் மாறிவிடக் கூடாது.

இவ்வளவும் தேறிய பிறகுதான் தொலைதூரம். .308 ரகத் தோட்டா ஒன்று ஆயிரம் கெஜத்தைக் கடக்க ஒன்றரை நொடிக்கும் மேல் ஆகிறது. அதற்குள் அது ஏறக்குறைய பத்து மீட்டர் கீழே இறங்கியிருக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதை இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1,200 கெஜம் வரை சுடுகிறார்கள். அங்கே பயிற்சி பெறுபவர்கள் தரையிலிருந்து எழும் கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்தே காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அழகான, பொறுமையான கலை. அதை வன்முறையின் ஒத்திகை என்று ஒதுக்கிவிடுபவர்கள் அதன் அருகே போய்ப் பார்க்காதவர்கள்.

ஆனால் இத்தனை சோதனைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: குண்டு எங்கே போய் விழும்? எதிரே தாள் இருக்கும்வரை அந்தக் கேள்வி போதும். தாள் இருந்த இடத்தில் உயிர் ஒன்று வந்து நிற்கும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. தொலைவில் இருப்பவனை அருகில் இருப்பவனைப்போல் காட்டும் கருவி, காண்பவன்மேல் அருகில் இருப்பவனுக்குரிய கடமையையும் சேர்த்து ஏற்றுகிறதா? சமயங்களும் தத்துவங்களும் ஸ்கோப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன.

*

வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: ஸ்கோப்பை வைத்து எதையும் தேடாதே. புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியவேண்டுமானால் பைனாகுலரை எடு. காரணம் எளியது. ஸ்கோப் துப்பாக்கியோடு பிணைந்தது; அதன் வழியே எதைப் பார்த்தாலும் துப்பாக்கி முனையும் அதை நோக்கித்தான் இருக்கும். என்னவென்று தெரியும் முன்பே குறிவைத்தாகிவிட்டது.

பாதுகாப்பு விதியாகச் சொல்லப்பட்டாலும் இதற்குள் ஆழமான ஓர் அறநிலை இருக்கிறது. பார்ப்பது ஒரு செயல். குறிவைப்பது வேறொரு செயல். முதலாவதில் எதிரே இருப்பது இன்னும் யாராகவும் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவதில் அது ஏற்கெனவே இலக்கு. இந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் இணைத்துவிடுவதில்தான் ஸ்கோப்பின் தொழில்நுட்பச் சாதனை இருக்கிறது. அதன் அறச்சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

இதை உடம்பால் உணர்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். உள்நாட்டுப் போரின்போது ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழுக்காகப் படம் வரையப் போர்முனைக்குச் சென்றவர். 1862 ஏப்ரலில் வர்ஜீனியாவின் யார்க்டவுன் எதிரே, பீச் மரத் தோப்பு ஒன்றில் இருந்த குறிசுடும் வீரர்களின் துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கி வழியே அவர் ஒருமுறை பார்த்தார். சுடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு நவம்பரில், மரக்கிளையில் உட்கார்ந்து தொலைநோக்கித் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் வீரனின் படம் இதழில் வந்தது. மறு ஆண்டு அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இன்று அது மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஓவியத்தில் சுடுபவன்தான் தெரிகிறான். அவன் யாரைக் குறிபார்க்கிறான் என்பது ஓவியத்தில் இல்லை.

அந்த இன்னொருவன் ஹோமரை விடவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1896இல் எழுதிய கடிதம் ஒன்றில், அந்தத் தொலைநோக்கிக்குள் தான் கண்டதைச் சிறு கோட்டுப்படமாக வரைந்து காட்டினார். ராணுவம் தொடர்பாகத் தாம் நினைத்துப்பார்க்கக் கூடியவற்றிலேயே கொலைக்கு மிக நெருங்கியதாக அதுவே தமக்குப் பட்டது என்றும், குறிசுடும் வீரர்களின் பிரிவின்மேல் தமக்கு என்றும் ஒரு திகில் உண்டு என்றும் எழுதினார். பீரங்கிகள் கூட்டங்கூட்டமாக ஆட்களைச் சாய்த்த போர் அது. அதை நேரில் கண்டவருக்கு, ஒற்றை ஆளை ஒற்றைக் கண்ணால் பார்த்ததுதான் கொலையாகத் தெரிந்தது. அந்தப் பார்வையில் எதிரி என்ற பொதுப்பெயர் கழன்று விழுந்துவிடுகிறது. நடமாடிக்கொண்டிருக்கும், தான் பார்க்கப்படுவதை அறியாத ஒருவன் மட்டுமே மிஞ்சுகிறான்.

*

ஸ்கோப்பின் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகக் கேட்டாக வேண்டும். அதைச் சொல்ல ராமாயணத்தைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை.

தசரதன் இளமையில் சப்தவேதி என்ற வித்தையில் தேர்ந்தவன். கண்ணால் காணாமல் ஓசையைக் கொண்டே இலக்கை அடிப்பவன். சரயு நதிக்கரை இருட்டில், யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அவன் எய்த அம்பு, பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொண்ட இளைஞன்மேல் பாய்ந்தது. அவனுடைய குறி தவறவில்லை, பார்வைதான் அங்கே இல்லை. எங்கே விழும் என்ற கேள்விக்குத் துல்லியமான விடை தெரிந்தவன், யார்மேல் விழும் என்று அறியாமல் எய்தான். அதன் விலையாகப் புத்திர சோகத்தில் உயிர்விட்டான்.

நவீனப் போரில் தசரதனின் அம்புகள் ஏராளம். வரைபடத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்து வீசப்படும் பீரங்கிக் குண்டு அப்படிப்பட்டதுதான். போரிடுபவரையும் பொதுமக்களையும் பிரித்தறிய வேண்டும் என்று 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை கட்டளையிடுகிறது. பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டும். அந்த வகையில், கையில் ஆயுதம் இருக்கிறதா, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறாளா என்று காட்டும் ஸ்கோப், கண்மூடித்தனமான ஆயுதங்களைவிட அறத்துக்கு நெருக்கமானது. இதை மறுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் தன் நன்மையைப் பெறும்போதே ஒரு கடனையும் ஏற்றுக்கொள்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று தசரதன் அந்தப் பெற்றோர் முன் சொல்ல முடிந்தது. ஸ்கோப்பின் வழியே பார்த்தவன் அதைச் சொல்ல முடியாது.

தேரவாத பௌத்தத்தின் உரைமரபு இதைக் கணக்காகவே வகுத்து வைத்திருக்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் உரைகளைத் தொகுத்த புத்தகோசரின் மரபில், கொலை என்ற வினை முழுமையடைய ஐந்து கூறுகள் வேண்டும்: உயிர் ஒன்று இருக்க வேண்டும், அது உயிர் என்று செய்பவன் அறிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் சாவு நேர வேண்டும். துப்பாக்கி நான்காவது கூறுக்கான கருவி. ஸ்கோப் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் ஒருசேரக் கருவியாகிறது. உயிர் என்ற அறிவை அது தருகிறது. அதே கணத்தில் முயற்சியையும் கூர்மையாக்குகிறது. நடுவில் இருக்கும் மூன்றாவது, அந்த எண்ணம், மனிதனுக்குள் மட்டுமே இருக்கிறது. பௌத்தம் வினையின் எடையை அங்கேதான் நிறுத்துப் பார்க்கிறது.

*

குறி என்றதும் நம் நினைவுக்கு வருவது துரோணர் வைத்த தேர்வு. மரத்தின் மேல் பறவை. என்ன தெரிகிறது என்று மாணவர்களைக் கேட்கிறார். தருமன், மரம் தெரிகிறது, தம்பிகள் தெரிகிறார்கள், நீங்கள் தெரிகிறீர்கள், பறவையும் தெரிகிறது என்கிறான். விலகி நில் என்கிறார் ஆசிரியர். அர்ச்சுனன் பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்கிறான். எய் என்கிறார். பள்ளிக்கூடங்களில் மனஒருமைக்கு உதாரணமாக இந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது.

கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் அந்தப் பறவை உயிருள்ளது அல்ல. கைவினைஞரைக் கொண்டு துரோணர் செய்வித்து மரக்கிளையில் வைத்த பொம்மை. மற்ற அனைத்தையும் மறந்து ஒன்றை மட்டும் காணும் பார்வைக்கு அவர் கொடுத்த இலக்கு, உயிரற்ற இலக்கு. இன்றைய சுடுதளத்தில் அதன் இடத்தில் தாள் இருக்கிறது.

ஸ்கோப் அர்ச்சுனனின் அந்தப் பார்வையை யாருக்கும் எளிதாக்கித் தந்துவிடுகிறது. 25 மடங்கு பெருக்கிக் காட்டும் உயர்தர ஸ்கோப்பில், நூறு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் மட்டுமே கண்ணுக்குள் வருகிறது. மரம் போய்விடும், தம்பிகள் போய்விடுவார்கள், ஆசிரியர் போய்விடுவார். பறவையின் தலை மட்டும் நிற்கும். தொலைவில் சுடப் பயில்பவருக்கு இது வரம். உயிரை எதிர்கொள்பவருக்கோ, அந்தத் தேர்வில் தோற்ற தருமனின் கண்தான் தேவைப்படுகிறது. இலக்கோடு சேர்ந்து அதன் சூழலையும், தன் உறவுகளையும், தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரையும் காணும் கண் அது. தொழில் தெரிந்தவர்களும் இதை அறிந்தே இருக்கிறார்கள். ராணுவக் குறிசுடுநர்கள் பொதுவாக இருவராகச் செயல்படுவது அதனாலும்தான். ஒருவர் துப்பாக்கியில் இருக்க, மற்றவர் தனித் தொலைநோக்கியால் சுற்றுப்புறத்தைப் பார்க்கிறார். இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதிசெய்யாமல் சுடாதே என்பது எல்லாச் சுடுதளங்களிலும் அடிப்படை விதி.

அதே அர்ச்சுனன் குருக்ஷேத்திரத்தில் கேட்டது என்ன? தேரை இரு சேனைகளுக்கும் நடுவில் நிறுத்து, நான் யாரோடு போரிட வேண்டும் என்று பார்க்க வேண்டும் என்றுதான். கண்ணன் தேரை வெற்றிடத்தில் நிறுத்தவில்லை. பீஷ்மருக்கும் துரோணருக்கும் எதிரே கொண்டுபோய் நிறுத்தி, பார் என்றான். அர்ச்சுனன் பார்த்தான். இந்த முறை தலை மட்டும் தெரியவில்லை. தாத்தா தெரிந்தார், ஆசிரியர் தெரிந்தார், மாமன் மைத்துனர் தெரிந்தார்கள். வில் கையிலிருந்து நழுவியது. பதினோராம் அத்தியாயத்தில் நீ கருவி மட்டுமே என்று கண்ணன் சொல்லும் இடத்தைப் பலர் தனியே எடுத்துக்கொள்கிறார்கள். பொறுப்பைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு விசையை இழுப்பதற்கு அது வசதியான வாசகமாகிவிடுகிறது. கீதையின் வரிசையைப் பார்த்தால் அந்த வசதி கிடைக்காது. அந்தச் சொல் வருவதற்கு முன் முகங்களைப் பார்ப்பது நடந்து முடிந்திருக்கிறது. பார்த்து, உடைந்து, கேள்விகள் கேட்டு, பதில்களோடு மல்லுக்கட்டிய ஒருவனிடம்தான் அது சொல்லப்படுகிறது.

*

முதல் உலகப் போரின் நினைவுக் குறிப்புகள் இரண்டு, இந்தக் கேள்வியைப் புராணத்திலிருந்து பதுங்குகுழிக்கு இறக்கிவிடுகின்றன.

ஒன்று, ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1929இல் வெளியிட்ட தன்வரலாறு. ராயல் வெல்ஷ் பியூசிலியர்ஸ் படையின் அதிகாரியாக இருந்தபோது, மறைவிடத்திலிருந்து தொலைநோக்கித் துப்பாக்கி வழியே சுமார் 700 கெஜம் தள்ளி ஒரு ஜெர்மானியனை அவர் பார்த்தார். அவன் தங்கள் அணியின் மூன்றாம் வரிசைக் குழியில் குளித்துக்கொண்டிருந்தான். உடையில்லாத ஒருவனைச் சுட கிரேவ்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. துப்பாக்கியைப் பக்கத்திலிருந்த சார்ஜெண்டிடம் கொடுத்துவிட்டார். சார்ஜெண்ட் சுட்டார். கிரேவ்ஸ் அதைப் பார்க்க நிற்கவில்லை.

மற்றொன்று, இத்தாலியின் எமிலியோ லுஸ்ஸு 1938இல் வெளியிட்ட நூல். ஆசியாகோ மேட்டுநிலத்தில், எதிரணிக் குழிக்கு மிக அருகே ஊர்ந்து சென்ற அவர், ஆஸ்திரிய அதிகாரி ஒருவன் சிகரெட் பற்றவைப்பதைக் கண்டார். துப்பாக்கி கையில், குறி தவற வழியில்லை. அந்த சிகரெட்டைப் பார்த்ததும் தமக்கும் புகைக்கத் தோன்றியது. அந்தக் கணத்தில் எதிரே இருந்தவன் தம்மைப்போல் ஒருவன் ஆகிவிட்டான். படையைப் போருக்கு நடத்திச் செல்வது வேறு, தனியாக நிற்கும் ஒருவனைக் குறிவைத்துச் சுடுவது வேறு என்று அவருக்குப் பட்டது. உடனிருந்த கார்ப்பொரலிடம், என்னால் முடியவில்லை, நீ சுடுகிறாயா என்று கேட்டார். அவரும் மாட்டேன் என்றார். இருவரும் ஊர்ந்தே திரும்பினார்கள்.

அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர், நியாயப் போர் பற்றி 1977இல் எழுதிய நூலில் இந்த நிகழ்வுகளை எடுத்து ஆராய்கிறார். குளிக்கும் வீரனைச் சுடுவது போர்ச் சட்டப்படி குற்றமல்ல. அவன் நாளை உடையணிந்து துப்பாக்கியோடு வருவான். இன்று விட்டுவைத்தவன் நாளை நம் தோழனைக் கொல்லலாம். இந்த வாதம் வலுவானது, கோழைத்தனமானதும் அல்ல. சுடாதவர்கள் யாரும் அதை மறுத்து வாதாடவும் இல்லை. அவர்கள் சட்டத்துக்கு முந்திய ஒன்றைச் சந்தித்தார்கள். உடையும் தலைக்கவசமும் சீருடையும் ஒருவனை எதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தன. அவை விலகியதும் பார்வை குறியிலிருந்து பிரிந்து மறுபடி வெறும் பார்வையானது.

இரண்டு நிகழ்வுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. கிரேவ்ஸ் துப்பாக்கியைக் கைமாற்றினார். தாம் பார்த்ததை மாற்றிக்கொடுக்க அவரால் முடியவில்லை. அதனால்தான் நில்லாமல் போனார், அதனால்தான் பல ஆண்டுகள் கழித்து அதை எழுதவும் செய்தார். லுஸ்ஸு தம் கண்ணில் பட்டதைச் சொல்லால் கார்ப்பொரலிடம் கொண்டுபோனார். கார்ப்பொரல் பெற்றது கட்டளையை அல்ல, கேள்வியை. கேள்வியாக வந்ததால் அவருக்கும் மறுக்க இடமிருந்தது.

*

ஸ்கோப்போடு கடவுளே நேரடியாக இணைக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் அண்மை வரலாற்றில் உண்டு. 2010 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிரிஜிகான் நிறுவனம் ராணுவத்துக்குச் செய்து தரும் ஸ்கோப்களின் மாதிரி எண்ணோடு பைபிள் வசனங்களின் எண்களும் பொறிக்கப்பட்டிருப்பதை ஏபிசி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. ஒன்றில் யோவான் நற்செய்தி 8:12, இன்னொன்றில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் 4:6. இரண்டும் ஒளியைப் பற்றியவை. இந்த ஸ்கோப்களின் குறியை இருட்டிலும் ஒளிரவைப்பது டிரிட்டியம் என்ற பொருள். நிறுவனர் கிளின் பிண்டன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, பக்திமிக்க கிறிஸ்தவர். 2003இல் விமான விபத்தில் இறந்தவர். வழக்கம் அவர் காலத்தில் தொடங்கியது.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மதம் பரப்பக் கூடாது என்று அமெரிக்க ராணுவத்தின் பொது ஆணையே தடைசெய்திருந்தது. இஸ்லாமிய நாடுகளில் நடக்கும் போரைச் சிலுவைப்போர் என்று சித்திரிக்க எதிரணிக்கு இது ஆதாரமாகும் என்ற கவலை எழுந்தது. ராணுவத்தில் மதச் சுதந்திரத்துக்காகப் போராடும் அமைப்புகள் எதிர்த்தன. தளபதி டேவிட் பெட்ரேயஸும் கவலை தெரிவித்தார். செய்தி வந்த சில நாள்களிலேயே, இனி பொறிக்க மாட்டோம், ஏற்கெனவே உள்ளவற்றை அழிக்கவும் கருவிகள் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது.

நிர்வாகம் அதோடு முடித்துக்கொண்டது. சமயம் அப்படி முடித்துக்கொள்ள முடியாது. பிண்டனின் பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தம் கைவேலையைத் தம் கடவுளுக்குச் சமர்ப்பிக்கும் விருப்பம் எல்லாச் சமயத்திலும் உண்டு. ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் நமக்கு அது அந்நியமும் அல்ல. ஆனால் அதே கிறிஸ்தவ மரபின் திருச்சபை 1139இல் இரண்டாம் லாட்டரன் சங்கத்தில், வில்லையும் இயந்திர வில்லையும் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதைத் தடைசெய்திருந்தது. தொலைவிலிருந்து கொல்லும் திறன் அந்த நூற்றாண்டுக்குப் பாவமாகத் தெரிந்தது. எல்லா மனிதருக்கும் ஒளி என்று நம்பப்படும் ஒருவரைப் பற்றிய வசனத்தை, ஒரு மனிதனை இருட்டில் கண்டுபிடித்துக் கொல்ல உதவும் ஒளியின்மேல் எழுதும்போது, அந்த வசனத்தின் ஒளி யார்மேல் விழுகிறது என்ற கேள்விக்கு வேதமறிந்தவர்கள் விடை சொல்லியாக வேண்டும்.

ஆயுதத்தில் இறைநாமம் பொறிப்பது தமிழ் வாசகருக்கு உடனே வாலியை நினைவூட்டும். மறைந்து நின்று எய்த ராமனின் அம்பு மார்பைத் துளைத்ததும், கம்பனின் வாலி அதைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருந்த பெயரைப் படிக்கிறான். அங்கே கதை திசைமாறுகிறது. யார் எய்தது என்று தெரிந்துவிட்டது. ஆகவே கேள்வி கேட்க முடிகிறது. ராமன் மறைவிலிருந்து வெளிப்பட்டு வாலியின் எதிரே வந்து நிற்கிறான். மறைந்து எய்தது எந்த அறம் என்று கொல்லப்படுபவன் கேட்கிறான். ராமன் தன் நியாயத்தைச் சொல்கிறான். மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவன் பதில் சொல்கிறான். அந்தப் பதில்கள் போதுமா போதாதா என்று தமிழகத்துப் பட்டிமன்றங்கள் இன்றும் வாதாடுகின்றன. வாதம் முடியாமல் இருப்பதே அந்தக் காட்சியின் பெருமை. அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருக்கிறது. முதல் முறை அண்ணனும் தம்பியும் மோதியபோது, இருவரும் ஒரே சாயலில் இருந்ததால் எவன் வாலி என்று தெரியாமல் ராமன் எய்யவில்லை. சுக்கிரீவனுக்கு அடையாள மாலை சூட்டிய பிறகுதான் நாணேற்றினான். ஓசையை நம்பி எய்த தந்தையின் மகன், கண்ணால் கண்டும் உறுதியில்லாதபோது நிறுத்திக்கொண்டான்.

அம்பில் இருந்தது எய்தவன் பெயர். அதனால் அவனைக் கணக்குக் கேட்க முடிந்தது. ஸ்கோப்பில் இருந்த வசனம் விசையை இழுத்த வீரனின் சொந்தச் சொல் அல்ல, அவன் கேட்டு வாங்கியதும் அல்ல. எதிரே விழுந்தவன் அதைப் படிக்கவும் போவதில்லை. அங்கே கடவுள் சாட்சியாக நிறுத்தப்படவில்லை. கணக்குக் கேட்கப்பட வேண்டியவனின் இடத்தில் கடவுளின் பெயர் வைக்கப்பட்டது.

*

மனிதரைச் சுடுவதோடு இந்த விவாதம் நிற்பதில்லை. வேட்டையாடுபவர்களிடையே தொலைதூரச் சுடுதலைப் பற்றிக் கடுமையான கருத்து மோதல் நடக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர முடியாத தொலைவிலிருந்து சுடுவது நியாயமான வேட்டை ஆகாது என்று நிலைப்பாடு எடுத்திருக்கிறது. ஸ்பானியத் தத்துவ அறிஞர் ஒர்த்தெகா இ கஸெத் 1942இல் வேட்டை பற்றி எழுதிய நூலிலும் இந்தக் கருத்து இருக்கிறது: ஆயுதம் வளர வளர, வேட்டைக்காரன் தானாகவே தனக்கு வரம்புகளை விதித்துக்கொண்டு வந்திருக்கிறான். இல்லாவிட்டால் வேட்டை வெறும் அழிப்பாகிவிடும்.

இங்கே அந்த ஒன்றரை நொடி மீண்டும் கணக்குக்கு வருகிறது. குண்டு புறப்பட்ட பின் மான் ஓர் அடி எடுத்துவைத்தால் போதும். நெஞ்சில் படவேண்டியது குடலில் படும். எவ்வளவு துல்லியமான ஸ்கோப்பும் அந்த அடியை முன்கூட்டிக் காட்டாது. தாளில் இரண்டு வளையம் தள்ளிப்போனால் மதிப்பெண் குறையும். காட்டில் அதே பிழை, காயத்தோடு ஓடி மறைந்து மணிக்கணக்கில் துடிக்கும் ஓர் உயிர். கொல்லாமையை அறத்தின் தலையில் வைத்த மரபில் வந்தவர்களுக்கு வேட்டை முழுவதுமே கேள்விக்குரியது. வேட்டையை ஏற்பவர்களுக்கும் தொலைவைப் பற்றிய இந்தக் கேள்வி தனியாக இருக்கிறது.

இந்தக் கேள்வி நாளைய கருவிகளில் இன்னும் கூர்மையாகும். 2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை, எக்ஸ்எம்157 என்ற குறிநோக்கிக்காக வோர்டெக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. பத்து ஆண்டுகளில் 2,50,000 வரை வாங்கலாம். அதற்குள்ளேயே லேசர் தூரமானியும், காற்றழுத்தமும் வெப்பமும் அளக்கும் உணரிகளும், குண்டின் பாதையைக் கணக்கிடும் கணினியும் இருக்கின்றன. எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதைக் கருவியே கண்ணுக்குள் புள்ளியாகக் காட்டிவிடும். முன்பு ஆண்டுக்கணக்கில் சுடுதளத்தில் கிடந்து கற்ற கணக்கில் பெரும்பங்கைக் கருவி எடுத்துக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் வீரன் கற்றது கணக்கு மட்டுமல்ல. காத்திருக்கவும், சந்தேகப்படவும், இன்று சுடக் கூடாது என்று எழுந்து வரவும் அங்கேதான் கற்றான். பயிற்சி சுருங்கினால் அந்தக் கல்வியும் சுருங்கும். புதிய ஸ்கோப்புக்கு நூறு மீட்டர்த் தாளில் எத்தனை சோதனை வைக்கிறார்களோ, அதைக் கையில் வாங்குபவனுக்கும் அத்தனை சோதனை வேண்டும்: பார்த்ததைச் சொல்லத் தெரிகிறதா, தெரியாதபோது நிறுத்தத் தெரிகிறதா, மாட்டேன் என்று சொன்ன கார்ப்பொரலுக்குப் படையில் இடம் இருக்கிறதா. இவற்றைப் பாடத்திட்டத்தில் எழுதுவது ராணுவங்களின் வேலை. எழுதும்படி கேட்பது, இத்தனை நூற்றாண்டுகளாக இதைப் பேசிவந்திருக்கும் சமயங்களின் வேலை.